முடிச்சூர்த் தொம்பை

முதலில் அது ஒரு கைலியாக இருந்தது. அனகாபுத்தூர்த் தறியில் நெய்தது. சிவப்பும் கருநீலமும் மஞ்சளும் குறுக்கும் நெடுக்கும் ஓடிய கட்டம். சித்தப்பா நாகல்கேணியில் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், ஒரு பொங்கலுக்கு முன்னால் சைக்கிளில் போய், நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாங்கி வந்தது. இருபது வருடம் கட்டினார். துவைக்கத் துவைக்க நூல் பூப்போல மிருதுவாகி, கடைசியில் உட்காரும் இடம் சல்லடைக் கண்ணாகிவிட்டது. அப்போதும் அதைத் தூக்கிப் போட அவர் சம்மதிக்கவில்லை.

இன்றைக்கு அந்தக் கைலி தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் சித்தியின் தையலறைச் சுவரில் தொங்குகிறது. 34 அங்குல அகலம், 40 அங்குல உயரம், 150 துண்டுகள். மேல்பாதி வெறும் அழகு. கீழ்ப்பாதியில் பதினோரு பைகள்: கத்தரிக்கோலுக்கு ஒன்று, இஞ்சு டேப்புக்கு ஒன்று, பாபின்களுக்கு, மார்க்கிங் சாக்குக்கு, கொக்கி டப்பாவுக்கு, அளவு நோட்டுக்கு என்று. மேல்துணி, நடுவில் ஒரு பொதி, அடித்துணி, மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல். இப்படித் தைப்பதை உலகம் கில்ட் என்று சொல்கிறது. சித்தி தொம்பை என்கிறார். அந்தப் பெயர் வந்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் வெள்ளத்தைச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சொல்வார்கள். முடிச்சூருக்கு வந்த தண்ணீர் வேறு. செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் வந்து சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கும் மேலே இருக்கின்றன. எங்களை மூழ்கடித்தது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு பிறக்கும் இடத்திலேயே கரைகொள்ளாமல் வந்த நீர். இரவில் வாசற்படி ஏறிய தண்ணீர் விடிவதற்குள் சித்தி வீட்டில் 38 அங்குலத்துக்கு நின்றது. சித்தியும் சித்தப்பாவும் எதிர்வீட்டு மாடியில் இரண்டு இரவு இருந்தார்கள்.

அது கார்த்திகை மாதம். முகூர்த்த நாட்கள் வரிசையாக இருந்தன. தைத்து முடித்த கல்யாண ஜாக்கெட் நாலும், வெட்டி வைத்த ஏழும் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. பட்டு ஜாக்கெட்டின் அரக்கு, பக்கத்து ஜாக்கெட்டின் சந்தனத்தில் இறங்கியிருந்தது. பிஸ்கட் டப்பாவில் போட்டு மெஷின் டிராயரில் வைத்திருந்த ஊசி, பாபின் கேஸ், கொக்கி, எல்லாம் சேறு. மெஷின் பலகை உப்பிப் பிளந்தது. மோட்டார் போனது. பதினோரு பேருக்கும் சித்தி துணிக்குப் பணம் கொடுத்தார். அதற்கு ஒரு வளையலை விற்றதை வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

சேற்றை வழித்துத் தள்ளிவிட்டு அந்த அறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தோம். பிழைத்தவை இரண்டே வகை. சுவரில் ஆணியில் தொங்கியவை: சாமி படம், காலண்டர், ஒரு பழைய இஞ்சு டேப். பரணில் கிடந்தவை: சித்தி சேர்த்துவைத்த பிட்டுத் துணி மூட்டை, அதற்குள் அந்தக் கைலி.

"இனிமே எதுவும் கீழ இல்லடி. எல்லாம் சுவத்துலதான்" என்றார் சித்தி. தொம்பை அந்த வாக்கியத்தில் பிறந்தது.

பிட்டுத் துணி மூட்டை என்றால் வெளியாருக்குக் குப்பை. தைப்பவருக்கு அது பெட்டகம். ஜாக்கெட் வெட்டினால் கக்கத்துப் பக்கமும் கழுத்துப் பக்கமும் விழும் துண்டுகளை எந்தத் தையற்காரரும் எறிவதில்லை. யாராவது இரண்டு வருடம் கழித்து, "கொஞ்சம் பிரிச்சு விடுங்கக்கா" என்று வந்தால் அதே துணி வேண்டும். சித்தியிடம் அப்படிச் சேர்ந்தவை முடிச்சூர், லட்சுமி நகர், பெருங்களத்தூர் பெண்கள் பதினோரு வருடத்தில் உடுத்திய நிறங்கள்.

சித்தி வீட்டில் தைக்கத் தொடங்குமுன் மெப்ஸில் இருந்தார். தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, 1984-ல் மத்திய அரசு தொடங்கிய ஏற்றுமதி வளாகம். 262 ஏக்கர். காலை ரயிலில் சானடோரியம் நிலையத்தில் இறங்கும் பெண்கள் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தில் சித்தி காலர் ஏற்றினார். பதின்மூன்று வருடம். இடுப்பு வலியோடு வெளியே வந்தார். ஆனால் கையில் ஒரு வித்தையும் வந்தது. அமெரிக்காவுக்குப் போகும் சில சட்டைகளுக்குத் துணியே ஒட்டுப்போட்டதாக இருக்கும். வெவ்வேறு மெட்ராஸ் கட்டத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, முதலில் அவற்றை ஒரே பரப்பாகத் தைத்து, பிறகு அந்தப் பரப்பைச் சட்டையாக வெட்டுவார்கள். பேட்ச்வொர்க் மெட்ராஸ் என்று அதற்குப் பெயர். மூலைக்கு மூலை பொருந்தவில்லை என்றால் செக்கிங்கில் திரும்பி வந்துவிடும். "நாலு மூலையும் ஒரு புள்ளியில நிக்கணும். அவ்வளவுதான் வேலை" என்பார் சித்தி. கில்ட் தைக்கப் பழகுகிறவர்கள் மாதக்கணக்கில் கற்றுக்கொள்வதை அவர் வாரச் சம்பளத்துக்குச் செய்து முடித்திருந்தார். யாரும் அவரைக் கலைஞர் என்று சொன்னதில்லை.

2016 பொங்கல் கழிந்ததும் தொடங்கினோம். கணக்கு போட்டது நான், திருத்தியது சித்தி. ஆறு அங்குலச் சதுரங்கள், அகலத்தில் ஐந்து, உயரத்தில் ஆறு, மொத்தம் முப்பது. அதில் பதினைந்து வெறும் காடா துணி. மீதிப் பதினைந்தும் ஒன்பது கட்டம்: இரண்டு அங்குலச் சதுரங்கள் மூன்றுக்கு மூன்றாகச் சேர்ந்தவை. நாலு மூலைக்கும் நடுவுக்கும் கைலித் துண்டு, மற்ற நாலுக்கும் ஜாக்கெட் பிட். ஆக 75 கைலித் துண்டு, 60 பிட், 15 காடா. சுற்றிலும் இரண்டு அங்குல பார்டர். ஒவ்வொரு துண்டுக்கும் தையலுக்காகக் கால் அங்குலம் நாலு பக்கமும் விட வேண்டும். இரண்டு அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் இரண்டரைக்கு வெட்ட வேண்டும். நான் அரை அங்குலத்தை ஒரு பக்கம் மறந்துவிட்டு முதல் நாள் வெட்டியதில் பன்னிரண்டு துண்டு வீணாயிற்று. சித்தி அவற்றையும் எடுத்து மூட்டையில் வைத்தார்.

சித்தப்பா வாசலில் உட்கார்ந்து கைலி வெட்டுப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நூல் இருக்கும் இடம் எது என்று அவர்தான் விரலால் தடவிக் காட்டினார்.

அந்தக் கட்டத் துணியின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். பம்மலுக்கு அந்தப் பக்கம், அடையாற்றங்கரையில் இருக்கும் அனகாபுத்தூர் இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். அவர்கள் நெய்தது உலகச் சந்தையில் ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்று போயிற்று. பெயர்தான் கைக்குட்டை, அளவு ஒரு கஜச் சதுரம். வாங்கியவர்கள் மேற்கு ஆப்பிரிக்கர்கள், முக்கியமாக நைஜீரியர்கள். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இந்தக் கட்டத் துணியை இஞ்சிரி என்பார்கள். அசலா போலியா என்று மோந்து பார்த்துச் சொல்வார்கள். பிறப்பிலும் இறப்பிலும் அவர்களுக்கு இந்தத் துணி வேண்டும். அவர்களின் பெண்கள் இன்னொன்றும் செய்தார்கள். துணியில் ஓடும் நூல்களில் சிலவற்றை மட்டும் ஊசியால் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுத்துவிடுவார்கள். நம் நெசவாளர் போட்ட கட்டத்துக்குள் அவர்கள் போட்ட வேறொரு கோலம் எழும்பும். அந்தத் துணிக்குப் பெலெட்டே பைட் என்று பெயர். பம்மலுக்குப் பக்கத்தில் நெய்த துணியை அட்லாண்டிக் கரையில் ஒரு பெண் வெட்டித் தனதாக்கிக்கொண்டாள் என்று படித்த நாளிலிருந்து அனகாபுத்தூர் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் தெரியாத பெண்ணின் ஞாபகம் வருகிறது.

அவளுக்கு முன்னால் இங்கிலாந்துக்காரிகளும் நம் துணியை வெட்டித்தான் தைத்தார்கள். 1639-ல் ஆங்கிலேயர் மதராசில் இடம் பிடித்ததே இந்தக் கரையில் துணி மலிவாகவும் நயமாகவும் கிடைத்ததால்தான். 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றவே ஒரு பேட்டையை உண்டாக்கினார்கள். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணி அங்கே கட்டில் விரிப்பாகவும் கில்ட்டாகவும் ஆனது. இங்கிலாந்தின் வடமேற்கில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் சுமார் 1708-ல் தைத்த ஒட்டுத்துணி கில்ட் இருக்கிறது. அந்நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்று. அதன் துண்டுகள் இந்தியச் சீட்டி. பிறகு தங்கள் ஊர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்ததால் 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடைபோட்டு சட்டம் இயற்றினார்கள். 1774 வரை அது நீடித்தது. கில்ட் கலை மேற்கிலிருந்து நமக்கு வந்த பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்வேன். தைத்த கை அவர்களுடையது, துணி நம்முடையது.

நம் வீடுகளில் தைத்த கையும் இருந்தது. பழம்புடவையை நாலாக மடித்து, நெருக்கமாக நூலோட்டம் போட்டு, பிறந்த குழந்தைக்கு விரிக்காத வீடு எது? வங்காளத்தில் இதுவே காந்தா, கர்நாடகத்தில் கவுதி. அவர்கள் அதை வளர்த்துப் பெயர் வாங்கினார்கள். நாம் குழந்தை வளர்ந்ததும் கரித்துணியாக்கிவிட்டோம்.

1970களில் நைஜீரியா துணி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் அனகாபுத்தூரின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மிஞ்சியவர்கள் கைலியும் சேலையும் நெய்தார்கள். சித்தப்பா வாங்கியது அந்த மிச்சத்தில்தான். பின்னாளில் சி. சேகர் என்பவர் தலைமையில் அங்குள்ள நெசவாளர்கள் வாழைநார், சணல், அன்னாசிநார் என்று இறங்கினார்கள். 25 வகை இயற்கை நாரைக் கலந்து ஒரு சேலை நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் ஏறினார்கள். வாழைநார்ச் சேலையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். தாம்பரத்திலிருந்து அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய நாம் போவதில்லை.

காடா துணிக்கும் நூலுக்கும் ரயிலேறிக் கோட்டையில் இறங்கி கோடவுன் தெருவுக்குப் போனோம். பார்டருக்குச் சிவப்புத் துணி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. அந்தச் சந்தையில் செடி, கோழி, பழைய மிக்ஸி, கதவு, கட்டில் எல்லாம் விற்கும். ஒரு ஓரத்தில் வெட்டுத் துணியை மூட்டையாகக் கட்டி எடைபோட்டுக் கொடுப்பார்கள். சித்தி மூட்டைக்குள் கைவிட்டுத் தடவியே, "இது காட்டன், இது டெரிகாட்டன்" என்று பிரித்தார். சந்தேகம் வந்தால் ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியில் காட்டுவார். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகும்.

நடுப்பொதிக்கு நான் பாலியஸ்டர் வாடிங் ஒரு மீட்டர் வாங்கினேன். சித்தி அமுக்கிப் பார்த்தார். "மெத்தையா தைக்கிறோம்? பை நிக்க வேணாமா?" சுவரில் தொங்குவதற்குக் கதகதப்பு எதற்கு, விறைப்புதான் வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. சரியான தீர்ப்பு. பாட்டியின் பழைய சுங்குடிச் சேலையை மூன்றாக மடித்து உள்ளே வைத்தார். அந்தச் சேலை இனி யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எல்லாத் துணியையும் வெட்டுமுன் அலச வேண்டும். மெட்ராஸ் துணிக்கு இது ஒரு பழைய பாடம். 1958-ல் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் அமெரிக்க வியாபாரி ஒருவருக்குப் பத்தாயிரம் கஜம் மெட்ராஸ் கட்டத் துணி விற்றார். குளிர்ந்த நீரில் பதமாக அலச வேண்டும் என்று சொல்லியே அனுப்பினார். நியூயார்க்கின் பிரபலமான கடையொன்று அந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் சட்டையாகத் தைத்து விற்க, வாங்கியவர்கள் வீட்டில் சாயம் ஓடி மற்ற துணியெல்லாம் நிறம் மாறி, வழக்கு வரை போனது. பிறகு சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தார்கள். எங்கள் கைலி இருபது வருடம் துவைபட்டது, பயமில்லை. காடாவைக் கஞ்சி போக இரண்டு முறை அலசினோம். பார்டருக்கான சிவப்பை ஒரே முறைதான் அலசினோம். அந்தச் சோம்பலுக்குப் பிறகு விலை கொடுத்தோம்.

தையல், சித்தியின் பழைய உஷா மெஷினில். வெள்ளத்தில் மூன்று நாள் கிடந்த மெஷின். மெக்கானிக் தலையைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டுக் கொடுத்தார். வார்ப்பிரும்பு பிழைத்துக்கொண்டது. எரிந்த மோட்டாருக்குப் பதில் வாங்கச் சித்தி மறுத்துவிட்டு மிதிக்கே திரும்பினார். ஒன்பது கட்டங்களை வரிசை வரிசையாகத் தைத்து, ஒவ்வொரு தையலையும் நிறம் அடர்ந்த பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டார். அடுத்தடுத்த வரிசை எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், மூலை தானாகப் பொருந்தும். மெப்ஸில் கற்றது இது. பதினைந்து சதுரத்தில் ஒன்றில்கூட மூலை தப்பவில்லை.

மூன்று அடுக்கையும் சேர்க்கும்போதுதான் சிரமம். சாதாரண மெஷினில் கீழ்த்துணியை அடியிலுள்ள பற்கள் தள்ளும், மேல்துணியைப் பாதம் பிடித்து நிறுத்தும். ஓரத்துக்குப் போகும்போது மேலே அரை அங்குலம் மிஞ்சி நிற்கும். சித்தி அடுக்குகளைத் தரையில் இறுக்கி விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நாலு விரற்கடைக்கு ஒரு நூலோட்டம் போட்டார். பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தி, தையலை நீளமாக்கி, 16-ஆம் நம்பர் ஊசி போட்டு, கட்டங்களின் மூலைவிட்டமாக ஓட்டினார். தைத்த பிறகு நூலோட்டத்தை நான் உருவினேன். உருவ உருவத் துணி லேசாகச் சுருங்கி மேடு பள்ளமாக எழும்பி வருவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

பைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது பாதிக் கதை. தட்டையாகத் தைத்த பையில் கை நுழையாது. அதனால் பாபின் பைக்கும் சாக் பைக்கும் நடுவில் பாக்ஸ் பிளீட். பை வாயில் கிராஸ் பீஸ் வைத்துப் பைப்பிங். அளவு நோட்டுப் பைக்குள் பக்ரம். ஊசி குத்திவைக்க இலவம்பஞ்சு அடைத்த சின்னத் திண்டு. இலவம்பஞ்சில் இயற்கையாகவே மெழுகுத்தன்மை உண்டு, ஈரத்தை எளிதில் குடிக்காது. கத்தரிக்கோல் பைதான் எங்களை மூன்று நாள் படுத்தியது. பத்து அங்குலக் கத்தரி, கூர்முனை இரண்டு அடுக்குக் காடாவையும் துளைத்துக்கொண்டு வந்தது. அப்போது சித்தப்பா எழுந்து உள்ளே போய், தன் பழைய பெட்டியிலிருந்து ஒரு தோல் துண்டோடு வந்தார்.

"இது குரோம் தோலு. பட்டைத் தோலு போடக் கூடாது, இரும்பு பட்டா கறுத்துடும்."

அவர் சொன்னது ரசாயனம். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோலில் இருக்கும் டானின், ஈரத்தில் இரும்போடு சேர்ந்து கருஞ்சாயமாகிவிடும். குரோமிய உப்பில் பதனிட்டதற்கு அந்தத் தொல்லை இல்லை. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த குரோம் லெதர் தொழிற்சாலையும், பம்மல், நாகல்கேணிப் பட்டறைகளும் இந்த வட்டாரத்துக்குத் தந்த அறிவு அது. தோலைப் பையின் அடியில் வைத்துத் தைத்தோம். கைலியை இழந்தவர் தன் கையாலேயே தொம்பைக்குள் வந்து சேர்ந்தார்.

சித்திரை முதல் நாள் மாட்டினோம். மேல்விளிம்பில் துணிக்குழல் தைத்து, திரைச்சீலைக் கம்பியை நுழைத்து, இரண்டு கொக்கியில் நிறுத்தினோம். உயரத்தைச் சித்தி அளந்தார். தண்ணீர் நின்ற கோடு 38 அங்குலம். தொம்பையின் அடிவிளிம்பு 45. உட்கார்ந்தபடியே கீழ்ப்பைகளுக்குக் கை எட்ட வேண்டும், தண்ணீருக்கு எட்டக் கூடாது. மேல் மூன்று வரிசைக்கு உட்கார்ந்த கை எட்டாது என்பதால் அங்கே பை வைக்கவில்லை. ஒன்பது கட்டம் முழுசாகத் தெரிவது அங்கேதான்.

தூரத்தில் போய் நின்று பார்த்த சித்தி, "என்னடி, தேர்த் தொம்பை மாதிரி இருக்கு!" என்றார்.

சித்திக்குத் திருவாரூர்ப் பக்கம். 96 அடி உயர ஆழித்தேரைப் பார்த்து வளர்ந்தவர். தேரைச் சுற்றிக் குழாய்போலத் தொங்கும் துணி அலங்காரம்தான் தொம்பை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்புத் துணிகளை யாளியாகவும் தாமரையாகவும் வெட்டி ஒட்டித் தைப்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் தையற்காரக் குடும்பங்களின் வேலை அது. எங்களுடையது தட்டை, அது உருளை. எங்களுடையது வேலைச்சுவருக்கு, அது சாமிக்கு. என்றாலும் வெட்டிய துணியை அலங்காரமாக்கித் தொங்கவிட இந்த மண்ணில் ஒரு சொல் இருக்கும்போது வேறொன்றைத் தேடுவானேன்? தொம்பை என்ற பெயரே நிலைத்தது.

மூன்றாவது வாரம் அது கீழே விழுந்தது. கனமான கத்தரிக்கோலை நடுப்பையில் வைத்திருந்தோம். கம்பி வளைந்து, ஒற்றைத் தையல் போட்ட குழல் கிழிந்து, கத்தரி தரையில் விழுந்து முனை உடைந்தது. குழலுக்கு இரட்டைத் துணியும் இரட்டைத் தையலும் போட்டு, நடுவில் மூன்றாவது கொக்கி அடித்து, கத்தரிப் பையைப் பிரித்து வலது ஓரக் கொக்கிக்கு நேர் கீழே மாற்றினோம். இதைத் தைக்க நினைப்பவர்கள் எங்கள் தவறிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். கனத்தை ஓரத்தில் வையுங்கள்.

அதே வருடம் டிசம்பர் 12-ல் வர்தா புயல். ஜன்னல் கண்ணாடி உடைந்து சாரல் தொம்பையின் இடப்பக்கத்தை நனைத்தது. இருபது வருடக் கைலி அசையவில்லை. பல்லாவரத்துச் சிவப்பு பார்டர்தான் சாயம் விட்டு, காடாச் சதுரம் மூன்றில் ரோஜா நிறமாக இறங்கியது. உப்புநீர், எலுமிச்சை எல்லாம் பார்த்தோம், போகவில்லை. சித்தி அந்த மூன்று கறையையும் சுற்றி, அதே சிவப்பு நூலால் கைத்தையலில் ஓரம் கட்டினார். இப்போது பார்ப்பவர்கள் அதைப் பூ என்று நினைக்கிறார்கள்.

2019-ல் சென்னையில் இந்தியா கில்ட் ஃபெஸ்டிவல் நடந்தபோது சித்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கில்ட்டின் ஓரத்திலும் குனிந்து தையலைப் பார்த்தார். ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு, "மூலை ஒரு நூல் தப்பியிருக்கு. ஆனா நிறம் வச்சிருக்கா பாரு, மகராசி" என்றார். வீடு திரும்பும்போது ரயிலில் அவர் பேசவே இல்லை. தாம்பரம் வருமுன், "நாம தச்சதும் அதுதானே?" என்று கேட்டார். அதேதான் சித்தி என்றேன்.

அடுத்த வருடம் ஊரடங்கில் முகக்கவசம் தைத்தார். தொம்பையின் பைகள் முழுக்க எலாஸ்டிக். பரணில் மிஞ்சியிருந்த பிட்டுகள் அப்போதுதான் தீர்ந்தன.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடி தண்ணீர். சித்தி வீட்டில் ஒரு அடியோடு நின்றது. அதுவும் கார்த்திகை. மெஷினை முதல் நாளே நாலு செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். துணிகள் பரணில், கருவிகள் சுவரில். கரண்ட் நாலு நாள் வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் தரையைக் கழுவிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, சித்தி பகல் வெளிச்சத்தில் மிதி மெஷினில் உட்கார்ந்தார். தொம்பையில் கைவைத்த இடத்தில் கத்தரி இருந்தது, பாபின் இருந்தது, அளவு நோட்டு இருந்தது. கரண்ட் வந்த அன்று, கையில் இருந்த மூன்று கல்யாண ஜாக்கெட்டும் கொக்கி வைத்து முடிந்து, ஹேங்கரில் தொங்கின.